இருபத்தைந்தா, முப்பத்தெட்டா?

நாற்பத்தொன்று இருந்தது. நாற்பத்து மூன்றும் இருந்தது. நடுவில் நாற்பத்திரண்டைக் காணோம்.

டயர்க்கடை மேஜையில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த ஆர்டர் சீட்டுகளைச் சர்வேயரம்மா மறுபடி ஒருமுறை புரட்டினார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை.

"நாப்பத்திரெண்டு எங்கே?" என்றார்.

"அன்னிக்கு அதுக்கு லீவா இருக்கும் மேடம்" என்றான் ரேடியோ.

ரேடியோ அவருடைய உதவியாளன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் டிக்கெட் கிழித்ததைவிட அதிகமாகப் பேசியதால் பயணிகள் வைத்த பெயர் இது. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட. அந்த ஒரு அங்குலமும் தலைமுடி என்று அவனே சொல்லிக்கொள்வான்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியைத் துடைத்தார். துடைத்த கை நேராகச் சட்டைப்பைக்குப் போய், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கியது. பத்து நிமிடத்தில் இது நான்காவது தடவை. ரேடியோ எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

"சீட்டே போடல மேடம். அத்தான் போன்ல சொன்னாரு. நான் வீலை எடுத்துக் குடுத்துட்டேன்."

"சீட்டு போடாத ஆர்டருக்குச் சீட்டு நம்பர் எப்படிப் போச்சு?"

சர்வேயரம்மா எதையும் வற்புறுத்தவில்லை. தன் கட்சிக்காரனே பொய் சொன்னால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். ரேடியோவுக்கோ கால் வாசல் பக்கம் திரும்பிவிடும்.

விவகாரம் இதுதான். கடைக்காரரின் அக்கா புருஷன் பல்செட் செய்கிறவர். மூன்று வருடமாக வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, தன் கையாலேயே ஒரு கார் கட்டினார். முந்தாநாள் காலை அதை முதன்முறையாக ரோட்டில் இறக்கினார். ஒரு வளைவில் முன்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய், டியூட்டி முடிந்து சைக்கிளில் வந்த ஒரு நர்ஸ் மீது மோதிவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. பல்செட்காரர் போலீஸில் சொன்னது ஒரே வரி: 'நான் கேட்டது வேற வீல், மச்சான் குடுத்தது வேற வீல்.' இன்று நாலு மணிக்குள் வேறு காரணம் எழுத்தில் வராவிட்டால் கடைக்குச் சீல், கடைக்காரர் மேல் கேஸ் என்று இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அந்த ஆஃப்செட் விஷயத்தை இவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் சர்வேயரம்மா.

கடைக்காரர் ஒரு வெறும் வீலை உருட்டி வந்து நிறுத்தினார். "வீலோட அகலத்துல சரிபாதி இங்கே. இதான் நடுக்கோடு. அச்சு முனையில இருக்க ஹப்புல ஒட்டி போல்ட் முடுக்கற முகம் இது. இந்த ரெண்டுக்கும் இடையில எத்தனை மில்லிமீட்டரோ அதான் ஆஃப்செட். நம்பர் கூடினா வீல் வண்டிக்குள்ள ஒதுங்கும். குறைஞ்சா வெளியே துருத்தும்."

"என் சித்தப்பா தொப்பை மாதிரி."

"கம்பெனி காருக்கு இந்த நம்பரைப் புத்தகத்துலயே போட்டிருப்பான். வீட்டுல கட்டற காருக்கு யார் போடுவா? கட்டறவர்தான் அளந்து கண்டுபிடிக்கணும். அத்தான் முப்பத்தெட்டு கேட்டேங்கறாரு. நான் குடுத்தது இருபத்தஞ்சு. அப்படின்னா வீல் பதிமூணு மில்லி வெளிய வந்து மட்கார்டுல உரசும், டயர் கிழியும். கேக்கறவனுக்கு நியாயமாத்தான் படும். ஆனா அவர் கேட்டதே இருபத்தஞ்சுதான் மேடம். என் பிள்ளைங்க மேல சத்தியம்!"

"சத்தியத்தை இன்ஸ்பெக்டர் ஃபைல்ல வைக்க முடியாது" என்று எழுந்தார் சர்வேயரம்மா. "ஷெட்டுக்குப் போவோம்."

வழியில் ரேடியோ அவர் காதைக் கடித்தான். "மேடம், ஆள் சரியில்ல. சட்டைப்பையில என்னமோ இருக்கு."

"தெரியும். அது ஓடிப் போகாது. கார்தான் ஓடிப் போகக்கூடியது."

கதவைத் திறந்தது கடைக்காரரின் அக்கா. ஒடிசலான, குட்டையான உருவம். "வா தம்பி" என்றார். வாய் கூப்பிட்டதே தவிர, கண் தம்பியின் முகத்துக்கு ஏறவில்லை. வந்தவர்களுக்கு டீ போடுகிறேன் என்று உடனே உள்ளே போய்விட்டார். கூடப் பிறந்தவனுக்கும் கட்டினவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் முகம் கொடுக்க முடியும் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

ஷெட்டில் பல்செட்காரர் நெற்றியில் பிளாஸ்திரியோடு நின்றிருந்தார். ஆறடி உயரம், கதவை அடைக்கும் அகலம். கூட்டமான பஸ்ஸில் ஆளை எடைபோட்டே பழகிய ரேடியோ, தொண்ணூறுக்கு ஒரு கிலோ கூடவோ குறையவோ இருக்கும் என்று மனதுக்குள் டிக்கெட் கிழித்தான்.

சுவர் முழுக்கப் பென்சிலால் பொடிப்பொடியாக எண்கள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் வரை சுத்தமாக எழுதியிருந்தது. வீல் என்று போட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்து: 38.

"பாத்துக்கங்க" என்று விரலை நீட்டினார் பல்செட்காரர். "மச்சான்னு நம்பினேன். அவன் கடையில கிடந்ததைத் தலையில கட்டிட்டான்."

"அத்தான்!" என்றார் கடைக்காரர்.

கார் பச்சை நிறம். கூரை இல்லாத இரண்டு சீட் வண்டி. மூக்கு நசுங்கியிருந்தாலும் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ரேடியோவுக்குக் கை அரித்தது. யாரையும் கேட்காமல் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைக் கோதினான்.

"அடடா, கால் பெடலுக்கு எட்டுது, கண்ணாடியில பின்னாடி கதவு வரைக்கும் தெரியுது. எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு மேடம்!"

"இறங்குய்யா முதல்ல" என்று அதட்டினார் பல்செட்காரர். அந்த அதட்டலில் கோபத்தைவிடப் பதற்றம் அதிகம்.

"மோதினப்புறம் இதுல யாராவது உக்காந்தாங்களா?" சர்வேயரம்மா குனிந்தபடியே கேட்டார்.

"இல்ல. லாரியில தூக்கி வெச்சுக் கொண்டுவந்து இறக்கினாங்க. யாரும் தொடல."

சர்வேயரம்மா டார்ச்சோடு இடது மட்கார்டுக்குள் தலையை விட்டார். உட்புறம் பச்சை பெயின்ட் போய் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. எழுந்து சுற்றிப் போய் வலது மட்கார்டுக்குள் பார்த்தார். அங்கே மேலே படிந்திருந்த ஷெட் தூசிகூடக் கலையவில்லை.

"நாலு வீலும் இருபத்தஞ்சுதானே? ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானே துருத்தும்? பின்ன ஒரு பக்கம் மட்டும் ஏன் உரசியிருக்கு?"

"வளைவு வலதுபக்கம் திரும்புச்சு. வண்டி இடதுபக்கம் சாஞ்சுது." பதில் தயாராக இருந்தது.

"எந்த ரோடு?" என்றான் ரேடியோ.

"தண்ணித்தொட்டி ரோடு."

ரேடியோ சிரித்துவிட்டான். "எட்டு வருஷம் சார் அந்த ரோட்டுல! தண்ணித்தொட்டிகிட்ட இடதுபக்கம் ஒரு திருப்பம் வரும் பாருங்க, அதுல நிக்கிறவங்க எல்லாரும் வலதுபக்கம் உக்காந்திருக்கவங்க மடியில போய் விழுவாங்க. உங்க வளைவு அதுக்கு அப்புறம்தான் வரும். அந்தத் திருப்பத்தோட பாத்தா இது ஒண்ணுமே இல்ல. அங்க உரசாத வலது, இங்க உரசின இடது... ஒரே பக்கமா சாயணும்னா படிக்கட்டுல பத்துப் பேர் தொங்கணும் சார்."

சொல்லி முடித்தபோது சர்வேயரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்தால், ஏதோ உருப்படியாகச் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். என்ன சொன்னோம் என்பதுதான் அவனுக்கு விளங்காது.

"இது எதுக்கு?" என்று சுவரோரம் சாய்த்திருந்த வட்டமான ப்ளைவுட் ஒன்றைக் காட்டினார்.

"டம்மி வீல்" என்றார் பல்செட்காரர் வேண்டா வெறுப்பாக. "ஹப்புல மாட்டி இந்த நட்டைத் திருகினா பலகை உள்ளேயும் வெளியேயும் போகும். எங்கேயும் இடிக்காம சுத்துற இடம்தான் ஆஃப்செட்."

"கெட்டிக்காரத்தனமா இருக்கு. தம்பி, ஜாக்கியை வெச்சுத் தூக்கி, வெடிச்ச வீலைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க. முதல்ல முப்பத்தெட்டு."

கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டார். ரேடியோ சுழற்றினான். பலகை கால் சுற்றுகூடப் போகவில்லை. உள்ளே ஸ்டீயரிங்கை இழுக்கும் கம்பியில் டக்கென்று இடித்து நின்றது. மறுபடி தள்ளினான். மறுபடி டக்.

"இருபத்தஞ்சு."

நட்டைத் திருகிய பிறகு பலகை ராட்டினம்போலச் சுற்றியது. ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பார்த்தார்கள். எங்கேயும் படவில்லை.

பல்செட்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரை மில்லி பிசகினாலும் செஞ்ச பல்செட்டை உடைச்சுப் போட்டுட்டு மறுபடி செய்வீங்கன்னு சொன்னாங்க" என்றார் சர்வேயரம்மா அமைதியாக. "எல்லாத்தையும் அளந்திருக்கீங்க. இந்தப் பொய்யை மட்டும் அளக்காம எழுதிட்டீங்க. முப்பத்தெட்டு போட்டா உங்க வண்டி வாசலைக்கூடத் தாண்டாது."

"பாத்தீங்களா!" கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே போட்டார். "நான் சொன்னேன்ல!"

"நீங்க சொன்னதுல பாதிதான் நிஜம். சட்டைப்பைக்கு அப்புறம் வரேன்."

கடைக்காரர் கை சட்டைப்பையை மூடிக்கொண்டது.

"ஆக, வீல் சரி. அப்படின்னா எது உரசுச்சு?" சர்வேயரம்மா மூலையில் இருந்த கோணிப்பையிடம் போனார். வாய் தைத்த மணல் மூட்டை. மேலே 91 என்று எழுதியிருந்தது. "இது நீங்கதானே?"

பல்செட்காரர் தலையாட்டினார். "ஆள் உக்காந்தா வண்டி எவ்வளவு இறங்கும்னு பாக்கணும்ல? என் எடைக்கு மணல் கட்டி சீட்டுல வெச்சு, அப்புறம்தான் அளந்தேன்."

"ரெண்டு சீட்டு வண்டி. மூட்டை ஒண்ணுதான் இருக்கு."

"பக்கத்துல யார் உக்காரப் போறா?" அவர் குரலில் முதன்முறையாக ஒரு வருத்தம் தெரிந்தது. "வீட்டுல இருக்கவ, என் பொணம்கூட அதுல ஏறாதுன்னுட்டா. எனக்கு வேற யாரு இருக்கா? அதனால ஓட்டற பக்கம் மட்டும் மூட்டையை வெச்சேன். இடதுபக்கம் இறங்காது, டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி அசிங்கமாத் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கட்டும்னு அந்தப் பக்கம் மட்கார்டைக் கீழே இறக்கிப் பொருத்தினேன்."

"அப்ப இடது சீட்டுல யாரும் உக்காரக் கூடாத வண்டி இது. முந்தாநாள் யாரோ உக்காந்திருக்காங்க."

"நான் மட்டும்தான் போனேன்!"

அக்கா டீத் தட்டோடு ஷெட் வாசலில் வந்து நின்றதை அப்போதுதான் ரேடியோ பார்த்தான். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. காலங்காத்தாலே புதுக் காரில், பெண்டாட்டிக்குத் தெரியாமல், பக்கத்து சீட்டில் ஒரு ஆள். இதை அவர் எதிரிலேயா சொல்ல வேண்டும்? மேடத்துக்குக் கண்ஜாடை காட்டினான். மேடம் கண்டுகொள்ளவில்லை.

"ஸ்டெப்னியை மாட்டி வண்டியை இறக்குங்க தம்பி. ரேடியோ, இடது சீட்டுல ஏறு."

ஏறினான். அவன் ஐம்பத்திரண்டு கிலோ. சர்வேயரம்மா டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போய் வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டியை அமுக்கச் சொன்னார். அப்போதும் படவில்லை.

"நீ போதாது, இறங்கு. மூட்டையை வை."

இரண்டு பேர் தூக்கி மூட்டையை இடது சீட்டில் போட்டார்கள். வண்டி முனகிக்கொண்டு அந்தப் பக்கம் அமுங்கியது. விரல் நுழையவில்லை. கடைக்காரர் லேசாக ஒரு அமுக்கு அமுக்கியதும் கிரீச் என்று டயர் மட்கார்டில் பதிந்தது. வெள்ளையாகத் தேய்ந்திருந்த அதே இடம்.

"தொண்ணூத்தொரு கிலோ ஆள்" என்றார் சர்வேயரம்மா.

ரேடியோ மூட்டையைப் பார்த்தான். மூட்டை மேல் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். பிறகு அந்த எண்ணுக்குச் சொந்தக்காரரைப் பார்த்தான். வாய் பிளந்தது.

"நீங்க வண்டியில இருந்தீங்க, அது நிஜம்" என்றார் சர்வேயரம்மா பல்செட்காரரிடம். "ஆனா ஓட்டல. ஆறடி ஆள் ஓட்டிட்டு இறங்கின வண்டியில என் ரேடியோவுக்குப் பெடல் எட்டாது. கண்ணாடியில அவனுக்கு ஆகாசம்தான் தெரியும். ஓட்டினது அவன் உயரத்துல உள்ள ஒருத்தர்."

ரேடியோ தன்னையறியாமல் திரும்பினான். வாசலில் நின்ற அக்காவின் கண்ணும் அவன் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்தித்தன.

அக்கா டீத் தட்டைக் கீழே வைத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"மூணு வருஷமா நான் திட்டாத நாள் இல்ல" என்றார். "முந்தாநாள் காலையில கழுவி வாசல்ல நிறுத்தியிருந்தாரு. வெயில்ல மினுமினுன்னு நின்னுச்சு. என்னமோ ஒரு ஆசை. ஒரே ஒரு தடவை நான் ஓட்டட்டுமான்னு கேட்டேன்."

"அவ கேட்டதும் எனக்குத் தலைகால் புரியல" என்றார் பல்செட்காரர். அந்தப் பெரிய உடம்பு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தது. "சீட்டை முன்னாடி இழுத்துக் குடுத்தேன், கண்ணாடியைத் திருப்பிக் குடுத்தேன், சுத்தி வந்து இந்தப் பக்கம் ஏறிக்கிட்டேன். இடம் மாறினா அளவு மாறுமேன்னு தோணவே இல்ல. அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. உள்ளே வெச்சுடுவாங்களேன்னு பயந்துட்டேன். கடையில தப்பா குடுத்துட்டாங்கன்னா ஏதோ அபராதத்தோட போயிடும்னு நினைச்சேன்."

"அதுக்கு என் தம்பிதான் கிடைச்சானா?" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "நீங்க சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன். ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல. கண்ணை மூடினா அந்த நர்ஸ் பொண்ணு முகம்தான் வருது."

சர்வேயரம்மா பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மணி மூன்றரை.

"மேடம், எழுதாதீங்க!" கடைக்காரர் குறுக்கே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நான்தான் தப்பா குடுத்தேன். அத்தான் முப்பத்தெட்டுதான் கேட்டாரு. அப்படியே எழுதிடுங்க. கடைக்குச் சீல் வெச்சா வெச்சுட்டுப் போறாங்க."

காலையிலிருந்து இந்த மனுஷனைச் சந்தேகப்பட்டதற்கு ரேடியோவுக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் கை மறுபடி சட்டைப்பையைத் தொட்டதைப் பார்த்து, அக்கா நேராகத் தம்பியிடம் வந்தார். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். கடைக்காரர் தடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்திரண்டாம் நம்பர் சீட்டு. 'நாலு வீலும் இருபத்தைந்து' என்று உருண்டையான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தது. புருஷன் சொல்லி அனுப்பியதைக் கடைக்கு வந்து எழுதியவர் அக்காதான்.

"இதை அன்னிக்கே காட்டியிருந்தா உன்மேல தூசி பட்டிருக்காதேடா."

"காட்டினா உன்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அத்தானுக்கு எதிரா நீ சாட்சி சொல்லணும். அப்புறம் இந்த வீட்டுல நீ எப்படி இருப்பே?"

அக்காவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. சீட்டைத் தொடையில் வைத்துச் சுருக்கம் போகத் தடவினார். "மேடம், உங்க அறிக்கையை ஒண்ணு விடாம எழுதுங்க. ஸ்டேஷனுக்கு நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்" என்றான் ரேடியோ. அன்றைக்கு அவன் பேசியதிலேயே சிறிய பேச்சு அதுதான்.

"நான் வேனை எடுக்கறேன் அக்கா."

"வேண்டாம். நீ கடையைத் திற. இது உன் தப்பு இல்ல, நீ எதுக்கு அங்க வந்து நிக்கணும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வாசலைத் தாண்டினார். பல்செட்காரர் எழுந்து சுவரிடம் போனார். உள்ளங்கையை அழுத்தி முப்பத்தெட்டைத் தேய்த்தார். தடித்த எழுத்து கரைந்தபின், அதற்கு அடியில் பொடியாக, சுத்தமாக, இருபத்தைந்து தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, "இரு, நானும் வரேன்" என்று மனைவியின் பின்னால் ஓடினார்.